வழிபாடும் வாக்கும்: திருப்பூர் சொல்லும் கணக்கு

1998, 1999, 2004. சுமார் ஆறு ஆண்டுகளில் மூன்று மக்களவைத் தேர்தல்கள். அப்போது திருப்பூருக்கென்று தனி மக்களவைத் தொகுதி கிடையாது. பல்லடம், சிங்காநல்லூர், பேரூர், கோவை கிழக்கு, கோவை மேற்கு ஆகிய சட்டமன்றத் தொகுதிகளோடு திருப்பூரும் கோவை மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 1998-ல் அங்கே பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் 1.44 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1999-ல் அவரே மறுபடியும் ஜெயித்தார். எதிர்த்து நின்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் இரா. நல்லகண்ணு, வித்தியாசம் 54 ஆயிரமாகக் குறைந்திருந்தது. 2004-ல் அதே ராதாகிருஷ்ணனை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். ராதாகிருஷ்ணன், சுப்பராயன் இருவருமே திருப்பூர் அரசியலில் வளர்ந்தவர்கள்.

ஆறு ஆண்டுகளில் ஒரு தொகுதியின் மதக் கணக்கு மாறிவிடாது. கோயிலுக்குப் போனவர்கள் கோயிலுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போனவர்களும் அப்படியேதான். ஆனால் தீர்ப்பு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டது. இந்துத்துவ அரசியலைப் பேசும் கட்சிக்கு இரண்டு முறை. மதத்தை அரசியலோடு கலக்காதே என்று சொல்லும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அடுத்த முறை.

மாறாமல் இருக்கும் ஒன்றை வைத்து மட்டும், மாறிப்போன ஒன்றை விளக்க முடியாது. அறிவியலின் பாலபாடம் இது. மதத்துக்கும் ஓட்டுக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தொடர்பு உண்டு, சில நேரம் மிக வலுவாகவே உண்டு. ஆனால் அது எப்போது வேலை செய்கிறது, எப்போது அடங்கிக் கிடக்கிறது, எதன் வழியாக வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே வரியில் முடித்துவிடும் இந்தக் கேள்வியை நிதானமாக ஆராய்வதற்கு, பனியன் நகரமான திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு.

எது மாறியது?

1998 வெற்றிக்கு எல்லோரும் சொல்லும் காரணம் குண்டுவெடிப்பு. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து வெடித்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். இரண்டு தரப்பிலும் சாவு விழுந்த வீடுகள். அச்சமும் ஆத்திரமும் தணியாத நிலையில்தான் அந்தத் தொகுதி வாக்களித்தது. அந்த மனநிலை ஓட்டில் எதிரொலிக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் அதே தேர்தலில் பாஜக இன்னும் இரண்டு இடங்களில் ஜெயித்தது: நீலகிரி, திருச்சி. கோவையிலிருந்து 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சியில் அப்படியொரு தொடர் குண்டுவெடிப்போ கலவரமோ நடக்கவில்லை. இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது கூட்டணி. அந்தத் தேர்தலில் பாஜக, ஜெயலலிதா தலைமையிலான அதிமுக அணியில் இருந்தது. அந்த அணி மாநிலத்தின் 39 தொகுதிகளில் 30-ஐப் பிடித்தது. 1999-ல் பாஜக திமுக அணிக்கு வந்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அதிமுக பக்கம் இருந்தது. 2004-ல் பாஜக மறுபடியும் அதிமுகவோடு; திமுக, காங்கிரஸ், மதிமுக, பாமக, இடதுசாரிகள் எல்லாம் ஓரணியில். அந்த அணி 39 தொகுதிகளையும் அள்ளிக்கொண்டு போனது.

ஆக, மூன்று தேர்தல்களிலும் வேட்பாளர் அவரே, கட்சி அதுவே, மக்களின் மதமும் அதுவே. மாறியவை இரண்டு: கூட்டணி, குண்டுவெடிப்பிலிருந்து எவ்வளவு காலம் கடந்திருக்கிறது என்பது. இந்த இரண்டில் எதன் பங்கு எவ்வளவு என்று ஒரே தொகுதியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒரு தொகுதியைத் தனியாகப் பார்க்காமல், கூட்டணி ஒன்றாகவும் சூழ்நிலை வேறாகவும் இருந்த தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கோவையை மட்டும் பார்த்தால் காரணம் குண்டுவெடிப்பு என்று தோன்றும். திருச்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான், கூட்டணி இல்லாமல் அந்த அச்சம் மட்டும் ஒரு எம்.பி.யை உருவாக்கியிருக்குமா என்ற சந்தேகமே எழும்.

ஒரு பூத், ஆயிரம் ஓட்டு

‘இந்தச் சமுதாயத்தின் ஓட்டு மொத்தமாக அந்தக் கட்சிக்கு விழுந்தது’ என்று சொல்பவர்கள் அதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? ஓட்டு ரகசியமானது. வாக்காளர் பட்டியலில் மதம் என்று ஒரு பத்தி கிடையாது. கிடைப்பவை இரண்டு: பட்டியலில் உள்ள பெயர்கள், தேர்தல் ஆணையம் படிவம் 20-ல் வெளியிடும் பூத் வாரியான முடிவுகள். பெயரை வைத்து மதத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஆகவே ஒரு பூத்தில் எந்த மதத்தார் எத்தனை பேர், எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று இரண்டு எண்கள் கைக்கு வந்துவிடும். மீதியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும்.

போட்டுப் பார்ப்போம். ஒரு பூத்தில் 1,000 ஓட்டு பதிவானதாக வைத்துக்கொள்வோம். அதில் முஸ்லிம்கள் 400 பேர், மற்றவர்கள் 600 பேர். ஓர் அணிக்கு 550 ஓட்டு விழுந்திருக்கிறது. முஸ்லிம்களில் எத்தனை பேர் அந்த அணிக்குப் போட்டார்கள்?

400 பேரும் போட்டிருக்கலாம். அப்படியானால் மற்றவர்களில் 150 பேர் போட்டிருப்பார்கள். மொத்தம் 550. ஒருவர்கூடப் போடாமலும் இருக்கலாம். அப்படியானால் மற்றவர்களில் 550 பேர் போட்டிருப்பார்கள். அப்போதும் மொத்தம் 550. ஆக, அந்த பூத்தில் முஸ்லிம்களின் ஆதரவு பூஜ்ஜியத்திலிருந்து நூறு சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு எண்கள் கையில் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது வேறொரு பூத். 900 பேர் முஸ்லிம்கள், 100 பேர் மற்றவர்கள்; அணிக்கு 900 ஓட்டு. மற்றவர்கள் 100 பேரும் அந்த அணிக்கே போட்டிருந்தாலும், மீதி 800 ஓட்டு முஸ்லிம்களிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் 89 சதவீதம். இங்கே உறுதியாகப் பேசலாம். குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று எல்லை கட்டும் இந்த முறையை டங்கன், டேவிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1953-ல் முன்வைத்தார்கள். இன்றைய கணினி முறைகளும் இந்த எல்லைகளுக்குள்தான் வேலை செய்கின்றன.

ஆனால் உறுதியாகப் பேச முடிகிற பூத்கள் எல்லாம், ஒரே மதத்தார் நெருக்கமாக வாழும் பகுதிகள். அங்கே கிடைத்த விடையை, பல மதத்தாரும் கலந்து குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பொருத்த முடியாது. பிழைப்புக்கு வந்து, கம்பெனிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் கேட்கும் பேச்சு வேறு. நாலு தலைமுறையாகப் பள்ளிவாசல் தெருவில் இருக்கும் குடும்பம் கேட்கும் பேச்சு வேறு. இருவரும் ஒரே மதம் என்பதால் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று எடுத்துக்கொண்டால், நிரூபிக்க வேண்டியதை முன்கூட்டியே நம்பிவிட்டோம் என்று ஆகிவிடும்.

இந்தப் பிழையை உலகத்துக்குப் பளிச்சென்று காட்டியவர் வில்லியம் ராபின்சன். 1950-ல் வெளியான கட்டுரையில், அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அவர் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவாக இருந்தார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் மைனஸ் 0.53. அப்படியானால் குடியேறி வந்தவர்கள் அதிகம் படித்தவர்களா? ஆள் ஆளாக எடுத்துப் பார்த்தால் நேர்மாறு: குடியேறியவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம், ஒட்டுறவு எண் பிளஸ் 0.12. விஷயம் இதுதான்: குடியேறியவர்கள், உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்திருந்த மாநிலங்களாகப் பார்த்துக் குடியேறியிருந்தார்கள். வட்டாரத்தின் குணத்தை ஆளின் குணமாக எடுத்துக்கொண்டால் குறியே தலைகீழாகிவிடும். ‘இந்த வார்டில் சிறுபான்மையினர் அதிகம், இந்தக் கட்சி ஜெயித்தது, ஆகவே சிறுபான்மையினர் இதற்குத்தான் போட்டார்கள்’ என்ற வாதம் இந்தக் குழியில்தான் விழுகிறது. சில நேரம் விடை சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு அதை நிரூபிக்கவில்லை.

அப்படியானால் வாக்காளரையே கேட்டுவிடலாமே? கேட்கிறார்கள். டெல்லியில் 1963-ல் ரஜனி கோத்தாரி தொடங்கிய சி.எஸ்.டி.எஸ். நிறுவனமும், அதன் லோக்நீதி பிரிவும் பல தேர்தல்களாக இந்த வேலையைச் செய்துவருகின்றன. வாக்காளரிடம் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, ஒரு பெட்டியில் போடச் சொல்வது அவர்கள் பின்பற்றிய வழிகளில் ஒன்று. வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவர்களிடமிருந்தும் உண்மை கிடைக்க அது உதவும். ஆனால் எண்ணிக்கை ஒரு தடையாக நிற்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். மாநிலம் முழுக்க 1,000 பேரைக் கேட்டால் அதில் முஸ்லிம்கள் 60 பேர் அளவில்தான் இருப்பார்கள். 60 பேரை வைத்துச் சொல்லும் சதவீதத்தில் 13 புள்ளி வரை முன்னே பின்னே பிழை இருக்கலாம். ‘சிறுபான்மையினர் ஓட்டில் 8 சதவீதம் சரிவு’ என்ற தலைப்புச் செய்தி அத்தகைய ஆய்விலிருந்து வந்திருந்தால், அது சரிவாகவும் இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

ஒரே மதம், எதிரெதிர் ஓட்டு

போதுமான ஆட்களைக் கேட்ட பெரிய ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கின்றன. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் பியூ ஆய்வு மையம் இந்தியா முழுக்கச் சுமார் 30 ஆயிரம் பேரிடம் பேசியது. 2019 தேர்தலில் ஓட்டுப் போட்ட இந்துக்களில், நாடு முழுவதும் 49 சதவீதம் பேர் பாஜகவுக்குப் போட்டதாகச் சொன்னார்கள். தென்னிந்திய இந்துக்களிடம் அது 19 சதவீதம். கும்பிடும் தெய்வங்களும் பண்டிகைகளும் பெருமளவு பொதுவானவை. ஓட்டில் இவ்வளவு தூரம்.

அமெரிக்காவிலும் அப்படித்தான். 2016-ல் வெள்ளை இன எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் டிரம்புக்கு ஓட்டுப் போட்டார்கள். கறுப்பின புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களோ பெருவாரியாக டிரம்பை எதிர்த்த கட்சிக்குப் போட்டார்கள். இருவரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பது ஒரே பைபிளைத்தான். வேதத்துக்கும் ஓட்டுப் பெட்டிக்கும் நடுவே அடிமைமுறையின் வரலாறும், நிறமும், வர்க்கமும், எந்தக் கட்சி யாரைப் பாதுகாத்தது என்ற நினைவும் நிற்கின்றன.

மதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் தோண்டிப் பார்த்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே சீக்ஃப்ரீட். 1913-ல் வந்த தன் நூலில் மேற்கு பிரான்சின் தேர்தல் வரைபடத்தையும் பாறை வரைபடத்தையும் அருகருகே வைத்தார். கருங்கல் பாறைப் பகுதி வலதுசாரிக்கும், சுண்ணாம்புக்கல் பகுதி இடதுசாரிக்கும் வாக்களித்திருந்தது. பாறை ஓட்டுப் போடாது. கருங்கல் பகுதியில் வீடுகள் சிதறிக் கிடந்தன, நிலம் பெரிய பண்ணையார்களிடம் இருந்தது, பாதிரியாரின் சொல் எடுபட்டது. சுண்ணாம்புப் பகுதியில் ஊர் நெருக்கமாக இருந்தது, சிறு நிலக்காரர்கள் அதிகம், பாதிரியாரின் பிடி தளர்ந்திருந்தது. மேலே தெரிந்தது மதம். அடியில் இருந்தது நிலமும் வேலையும்.

திருப்பூர் இருக்கும் கொங்கு மண்ணுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. வானத்தை நம்ப முடியாத பூமி. கிணறு வெட்டிப் பருத்தி விளைவித்தவர்கள், ஜின்னிங் பக்கம் வந்தார்கள். அங்கிருந்து பனியனுக்கு வந்தார்கள். இந்தத் தொழில் வரலாற்றின் முதல் பெயர் ஒரு முஸ்லிமுடையது: 1925-ல் குலாம் காதர் தொடங்கிய நிட்டிங் கம்பெனியிலிருந்துதான் ஊர் தன் பின்னலாடைக் கணக்கைத் தொடங்குகிறது. பின்னால் கவுண்டர் குடும்பங்கள் நிலத்திலிருந்து பெருமளவில் தொழிலுக்கு வந்தன. கூலியாக, கான்ட்ராக்டராக இருந்து உழைப்பால் முதலாளி ஆனோம் என்று அவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் வந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1984-ல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தமும் இதே ஊரின் வரலாறுதான்.

பவர் டேபிளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஒரு டி-சர்ட் துணி நிட்டிங்கில் தொடங்கி, சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து கம்பெனிக்கு வருகிறது. கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார். பவர் டேபிளில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் டெய்லர்கள் தைக்கிறார்கள். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். இந்தக் கைகள் ஒரு மதத்தின் கைகள் அல்ல. ஒரு மாவட்டத்தின் கைகள்கூட அல்ல. திண்டுக்கல், மதுரை, தேனிப் பக்கம் இருந்து வந்தவர்கள், பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் எல்லாம் ஒரே ஒன்றரை ஷிப்ட்டில் உட்கார்ந்து, ஒரே சனிக்கிழமை சம்பளத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரின் ஓட்டை எது தீர்மானிக்கும்? ஒரு முஸ்லிம் பேட்லாக் டெய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். பீஸ் ரேட் உயர வேண்டும் என்பதில் அவர், பக்கத்து மெஷினில் இருக்கும் இந்துத் தொழிலாளியோடு ஒரே அணி. ஆர்டர் குறையக் கூடாது என்பதில் இருவரும் முதலாளியோடு ஒரே அணி. தன் தெருவின் பாதுகாப்பு என்று வரும்போது அவர் அணி வேறு. ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு சிறு முதலாளிக்கும் அப்படியே: கோயில் திருவிழாக் கமிட்டியில் ஒரு முகம், ஜிஎஸ்டி ரீஃபண்டுக்கு அலையும்போது வேறொரு முகம், தன் சாதிச் சங்கத்தில் மற்றொரு முகம்.

பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவரது குழுவினரும் 1940-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஈரி என்ற கவுண்டியில் இதைத்தான் கண்டார்கள். அதிபர் தேர்தலுக்கு முன் மாதாமாதம் அதே வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். வசதி ஒன்றாக இருந்தாலும் கத்தோலிக்கர்கள் ரூஸ்வெல்ட் பக்கமும், புராட்டஸ்டன்ட்கள் எதிர்ப்பக்கமும் சாய்ந்தார்கள். மதத்துக்குத் தனி வலு இருந்தது உண்மை. ஆனால் மதம் ஒரு பக்கமும் பிழைப்பு மறுபக்கமும் இழுத்தவர்கள் கடைசி நாள் வரை முடிவெடுக்காமல் தள்ளிப்போட்டார்கள். இந்த எதிரெதிர் இழுப்பில் இருப்பவர்களைத்தான் பிரசாரம் அசைக்கிறது. திருப்பூரில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆகவேதான் ஒரே தொகுதி ஒரு முறை இந்தப் பக்கமும், அடுத்த முறை அந்தப் பக்கமும் போக முடிகிறது.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மூன்றே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். ஊரின் பேச்சு சாயப்பட்டறையும் மின்வெட்டும்தான். அதிமுக அணி வென்றது. திருப்பூர் தெற்கில் அந்த அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் கே. தங்கவேல் ஜெயித்தார். பெரும்பான்மை இந்து வாக்காளர்கள் உள்ள தொகுதியில் ஒரு மார்க்சிஸ்டின் வெற்றியை யாரும் மத அதிசயமாகப் பார்க்கவில்லை. ஏனென்றால் அன்று ஊரின் கேள்வி வேறு.

‘இந்து ஓட்டு’ என்பதையும் ஒற்றைக் கட்டாக நினைக்க முடியாது. 2009-ல் கொங்குநாட்டுக் கட்சி ஒன்று கவுண்டர்களின் ஆதரவை நம்பித் தனியாக நின்று இந்த மண்டலத்தில் கணிசமான வாக்குகளைப் பெற்றது. அதே 2009-ல்தான் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. இரண்டு சமூகங்களும் இந்துக்கள்; அரசியலில் இருவரின் கோரிக்கைகளும் ஒன்றல்ல. அவிநாசியும் தாராபுரமும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகளாக இருப்பதற்குப் பின்னால் இருப்பதும் இந்த உள்பிரிவின் வரலாறுதான்.

எப்போது மதம் முன்னால் வருகிறது?

இவ்வளவுக்குப் பிறகும் மதம் முன்னால் வரும் இடங்களும் நேரங்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டச் சரிபாதி. 1982-ல் இரு மதத்தாருக்கும் இடையே மண்டைக்காடு கலவரம் நடந்தது. தமிழ்நாட்டில் பாஜகவின் முதல் எம்.எல்.ஏ. 1996-ல் அந்த மாவட்டத்தின் பத்மநாபபுரத்திலிருந்துதான் வந்தார். 2014-ல் அதிமுக தனித்து நின்று 37 தொகுதிகளை வென்றபோதும் கன்னியாகுமரி பாஜகவுக்குப் போனது. எண்ணிக்கையில் சமபலம், கலவர நினைவு, இரண்டையும் தொடர்ந்து பேசும் அமைப்பு: மூன்றும் சேர்ந்த இடத்தில் மதம் ஓட்டுக்கோடாக மாறுகிறது. அங்கேயும் அது நிரந்தரம் அல்ல. 2004-ல் அதே மாவட்டத்தின் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி ஒரு மார்க்சிஸ்டைத் தேர்ந்தெடுத்தது.

மாறாக, மதம் நேரடியாகப் பிரசாரப் பொருளாகியும் தோற்ற தேர்தல் 1971. அந்த ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டதாகப் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. ராஜாஜியும் காமராஜரும் சேர்ந்து நின்ற எதிரணி அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. திமுக 234-ல் 184 இடங்களைப் பிடித்தது. அதற்கு ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கானோர் வீட்டில் பூஜை அறை இருந்தது. தெய்வத்தை நம்புவதும் ஆட்சியைத் தேர்வதும் வேறு வேறு முடிவுகள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கலவர நினைவு மதத்தை முன்னால் கொண்டுவருகிறது என்றால், கலவரம் எங்கே தடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அதற்கு இரண்டு ஆய்வாளர்களின் விடைகள் இங்கே பொருந்துகின்றன. அசுதோஷ் வார்ஷ்னே 2002-ல் வந்த நூலில் அலிகரையும் கோழிக்கோட்டையும் ஒப்பிட்டார்: தொழிலிலும் சங்கங்களிலும் இரு மதத்தாரும் கலந்து இயங்கும் ஊரில் வதந்தி தீயாகப் பரவுவதில்லை. ஸ்டீவன் வில்கின்சன் 2004-ல் சொன்னது: பல கட்சிகள் கடுமையாகப் போட்டியிடும் இடத்தில் ஆள்பவர்களுக்குச் சிறுபான்மையினரின் ஓட்டு தேவைப்படுகிறது, ஆகவே போலீஸ் வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு திராவிடக் கட்சிகளும் அந்த ஓட்டுக்காகப் போட்டியிட்டு வந்திருக்கின்றன. பாதுகாப்பு உணர்வு இருக்கும்வரை பீஸ் ரேட்டைப் பற்றி யோசிக்க வாக்காளருக்கு இடம் இருக்கும். அது போனால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போகும். சிறுபான்மையினர் ஒரே பக்கமாக ஓட்டுப் போடும் நேரங்களில், அவர்களைத் தூண்டுவது பக்தியைவிட அச்சமாகவே பெரும்பாலும் இருக்கிறது என்பது என் முடிவு. 1998-ல் பெரும்பான்மையினரிடம் வேலை செய்ததும் அதே அச்சம்தான்.

கூட்டினால் வராத கணக்கு

2009-ல் திருப்பூருக்கென்று ஒரு மக்களவைத் தொகுதி வந்தது: திருப்பூர் வடக்கு, தெற்கோடு பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபிசெட்டிபாளையம். 2019-ல் அதிமுகவும் பாஜகவும் ஓரணியில் நின்றன. அந்த அணியின் அதிமுக வேட்பாளர் எம்.எஸ்.எம். ஆனந்தன் சுமார் 4.15 லட்சம் வாக்கு பெற்று, சுப்பராயனிடம் 93 ஆயிரம் வித்தியாசத்தில் தோற்றார். 2023 செப்டம்பரில் கூட்டணி முறிந்தது. 2024-ல் தனித்தனியாக நின்றார்கள்: சுப்பராயனுக்குச் சுமார் 4.7 லட்சம், அதிமுகவுக்கு 3.5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, பாஜகவுக்குச் சுமார் 1.85 லட்சம்.

அதிமுக, பாஜக வாக்குகள் இரண்டையும் கூட்டினால் 5.3 லட்சம், சேர்ந்து நின்றிருந்தால் ஜெயித்திருப்பார்களே என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் சேர்ந்து நின்ற 2019-ல் கிடைத்ததோ 4.15 லட்சம்தான். இடையில் களமும் வேட்பாளர்களும் மாறியது உண்மை. இருந்தாலும், பாஜக இல்லாததால் அதிமுகவுக்குப் போட்டவர்கள் இருப்பார்கள், அதிமுக இல்லாததால் பாஜகவுக்குப் போட்டவர்களும் இருப்பார்கள்; கூட்டணி மாறினால் அவர்களும் மாறுவார்கள். பாஜகவுக்கு இந்தப் பகுதியில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் தனியாக ஓட்டுப் போட்டார்கள் என்பதும் சிறிய செய்தி அல்ல. பெரும்பான்மையாக இந்துக்கள் வாழும் தொகுதியில் பெரும்பாலான இந்துக்கள் வேறு கட்சிகளுக்குப் போட்டார்கள் என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வாசிப்பு.

ஆய்வாளரின் வசதியும் வாக்காளரின் பாதுகாப்பும்

இந்த அத்தியாயம் பூத் வாரி முடிவுகளைக் கருவியாக எடுத்துக்கொண்டது. அந்தக் கருவியால் வேறொருவருக்கு ஆபத்தும் உண்டு. கலந்து வாழும் பகுதியில் கணக்கு எதையும் காட்டாது என்று பார்த்தோம். ஆனால் 900-க்கு 100 என்று இருக்கும் சின்னக் காலனியில் அது எல்லாவற்றையும் காட்டிவிடும். ஜெயித்த கட்சிக்காரர் படிவம் 20-ஐப் பார்த்து, ‘இந்தத் தெரு நமக்குப் போடவில்லை’ என்று விரலை நீட்ட முடியும். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி தாமதமாக வந்தால் யாரிடம் போய் முறையிடுவது? முஸ்லிம் தெருவாக இருந்தாலும் அருந்ததியர் காலனியாக இருந்தாலும் நிலைமை ஒன்றுதான்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்களின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் அந்தக் கலப்பு போய்விட்டது. 14 இயந்திரங்களின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டி மொத்தத்தை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-ல் தன் 255-வது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

அது வந்தால் இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு இழப்புதான். துல்லியமாகப் பேச முடிந்த அந்தச் சில பூத்களும் கையை விட்டுப் போகும். கணக்கெடுப்புகளை இன்னும் பெரிதாக, இன்னும் கவனமாக நடத்தி அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டியிருக்கும்; செலவு கூடும். ஆனாலும் டோட்டலைசர் வர வேண்டும் என்றுதான் சொல்வேன். ஒரு மதம் எப்படி ஓட்டுப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எந்தக் கட்சிக்கும் கிடையாது; பயமில்லாமல் ஓட்டுப் போடும் உரிமை அந்தத் தெருவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.